தோளில் போன கூத்தன், லாரியில் போன கூத்தன்

சிதம்பரத்தில் உற்சவர் என்று தனியாக ஒரு நடராஜர் கிடையாது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சித்சபையில் இருக்கும் மூலவரே சிவகாமியம்மையோடு தேரேறி, நான்கு வீதியும் சுற்றி, ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கி, விடியற்காலை அபிஷேகம் கண்டு உள்ளே திரும்புகிறார். வெளியே எழுந்தருளவென்றே அமைந்த திருமேனி அது. 1648இல் படையெடுப்பு அச்சம் சூழ்ந்தபோது குடுமியான்மலைக்கும் பிறகு மதுரைக்கும் கொண்டுபோய்க் காப்பாற்ற முடிந்ததும் அதனால்தான். 1686இல் தில்லைக்குத் திரும்பும்வரை 37 ஆண்டுகள் 10 மாதம் 20 நாள் என்று செப்பேடு கணக்கு வைத்திருக்கிறது.

அந்த வடிவத்தை 27 அடிக்கு வளர்த்தால் என்ன ஆகும்? 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் ஜி20 மாநாட்டுக்காக நிறுவிய அஷ்டதாது நடராஜர் இதற்கான பதில். எடை 18 டன். சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சைப் பெரிய கோயில் நடராஜர்களை முன்மாதிரியாகக் கொண்டு, இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்காக சுவாமிமலை ராதாகிருஷ்ண ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் ஏழே மாதத்தில் செய்துகொடுத்தார்கள். சிதம்பரத்திலிருந்து, கடலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையான கொள்ளிடத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் போனால் சுவாமிமலை.

சிலையைப் பெரிதாக்குவது படத்தைப் பெரிதாக்குவது போல அல்ல. 3 அடிச் சிலையை அதே விகிதத்தில் 27 அடியாக்கினால் உயரம் 9 மடங்கு. ஊன்றிய காலின் கணுக்கால் குறுக்குப் பரப்பு 81 மடங்கு. ஆனால் எடை 729 மடங்கு! அதாவது கணுக்காலில் ஒவ்வொரு சதுர அங்குலமும் 9 மடங்கு கூடுதல் சுமை தாங்க வேண்டும். வலது கால் முயலகன்மேல் ஊன்றியிருக்க, இடது கால் தூக்கியிருக்க, கைகளும் சடையும் பக்கவாட்டில் விரிந்திருக்கும் உருவம் வேறு. சுற்றியுள்ள திருவாசியை வெறும் அலங்காரம் என்று நினைக்கக் கூடாது. விரிந்த உறுப்புகள் அதில் சேரும்போது அவற்றுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. சோழர் காலக் கைகள் கண்ட இந்தத் தீர்வை ஒரு பாலத்தின் வடிவமைப்புக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

செய்முறை மாறவில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சி உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை நைசாக அரைத்து முதல் பூச்சு. கண்ணிமை, விரல் நகம், ஆபரணத்தின் மணி என்று மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கோடும் இந்த மண்ணில்தான் பதிய வேண்டும். சுவாமிமலையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். பிறகு மணல் கலந்த மண், அதற்குமேல் கனத்த பூச்சு, இறுக்கிக் கட்ட இரும்புக் கம்பி. நன்றாக உலர்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள்.

12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், செம்புக்கும் பித்தளைக்கும் மெழுகின் எடையைப் போல எட்டு மடங்கு உலோகம் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 18 டன்னுக்கு இரண்டேகால் டன் மெழுகு! செம்பு உருகவே 1,085 டிகிரி செல்சியஸ் தேவை. அச்சில் ஈரம் தங்கியிருந்தால் ஆவி கிளம்பி வெடிக்கும். ஊற்றுவது இடையில் நின்றால், முன்னே போனது ஆறிப்போய், பின்னே வருவது அதோடு ஒட்டாமல் பிளவு விழும். எத்தனை உலைகள், எந்த வரிசையில் ஊற்றுவது, காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

வார்த்த சிலை லாரியேறிச் சுமார் 2,500 கிலோமீட்டர் சாலை வழியே டெல்லி போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்த நுட்ப வேலைகளை முடிக்க ஸ்தபதிகளும் போனார்கள்.

இவ்வளவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அறிவு. உலோகத்தின் பதத்தைத் தீயின் நிறம் பார்த்தே சொல்கிறவர்களின் கணிப்பை வெப்பமானி வைத்துப் பதிவு செய்து, மண் பூச்சின் கலவையையும் கனத்தையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். நடராஜர் கோயிலின் ஊரிலேயே, பொறியியல் புலத்தோடு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்த பெரிய வார்ப்பு சுவாமிமலையில் நடக்கும்போது அதன் மாணவர்கள் உலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஸ்தபதிகளை ஆசிரியர்களாக ஏற்று.