ஆச்சி வாட்ச்சுக்கு யார் சாவி கொடுக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்கும்போது சரியாக இருந்து, படிக்கும்போது இடறிய சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பேக்கப் பத்தி ஒரு மணி நேரம் பேசி உங்களை வதைச்சதுக்கு இந்த வாரம் பரிகாரம். இன்னைக்கு கோடு கிடையாது, சர்வர் கிடையாது. ஒரு வாட்ச். அதுவும் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய, லேடீஸ் ஹெச்எம்டி வாட்ச்.

அது எங்க ஆச்சியோடது. டீச்சரா வேலைக்குச் சேர்ந்து, முதல் சில மாசச் சம்பளத்தைச் சேர்த்து வச்சு வாங்கினது. நாகர்கோவில் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மணி அடிக்கிறதே அவங்க வாட்ச்சைப் பார்த்துத்தான்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில எழுந்ததும் முகம் கழுவுறதுக்கு முன்னாடி வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கிறது மட்டும் நிக்கல.

ரெண்டு வருஷம் முன்னாடி அது நின்னுது. வாட்ச்சில ஒரு குறையும் இல்ல, விரல்தான் காரணம். மூட்டுவாதம். கட்டைவிரலோட அடி மூட்டு வீங்கி, சின்னப் பொருளைக் கிள்ளிப் பிடிச்சாலே வலி. கொஞ்ச நாள் நான் சாவி கொடுத்தேன். நான் சென்னைக்குப் போனா அம்மா கொடுப்பாங்க. ஒரு தடவை நான் கொடுத்துக்கிட்டிருக்கும்போது ஆச்சி சொன்னாங்க: "எனக்க வாட்ச்சுக்கு நீ என்னத்துக்குலே சாவி குடுக்க? அது அலமாரியில கெடக்கட்டும்." கோபமா சொல்லல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த நாள்லேருந்து வாட்ச் நிஜமாவே அலமாரிக்குப் போயிருச்சு.

சாவி கொடுக்கிறதுன்னு சொல்றோமே, வாட்ச்சில சாவி எங்க இருக்கு? ஒரு காலத்துல இருந்துச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டோட நடுப்பகுதி வரைக்கும் பாக்கெட் வாட்ச்னா தனியா ஒரு குட்டிச் சாவி இருக்கும். வாட்ச்சைத் திறந்து ஓட்டையில நுழைச்சுத் திருகணும். நேரம் திருத்தவும் சாவிதான். சாவி தொலைஞ்சா போச்சு. ஓட்டை வழியா தூசி வேற உள்ள போகும். 1840கள்ல அட்ரியன் பிலிப்னு ஒரு பிரெஞ்சுக்காரர், வெளியில இருக்கிற ஒரே திருகைத் திருப்பிச் சாவி கொடுக்கவும், இழுத்துத் திருப்பி நேரம் வைக்கவும் ஒரு அமைப்பைச் செஞ்சார். 1844 பாரிஸ் கண்காட்சியில அதுக்கு மெடல் கிடைச்சுது. பின்னாடி பட்டேக் பிலிப் கம்பெனியில வர்ற பிலிப் இவர்தான். சாவி போய் கிட்டத்தட்ட நூத்தெழுபது வருஷம் ஆச்சு, நாம இன்னும் வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கிறோம். திருகையே எங்க வீட்ல 'கீ'ன்னுதான் சொல்லுவோம். ரிப்பேர் கடையில கிரௌன். இனி நானும் கிரௌன்னே சொல்றேன்.

கிரௌனைத் திருப்பினா என்ன நடக்குது? கிரௌனுக்குப் பின்னாடி ஸ்டெம்னு ஊசி மாதிரி ஒரு தண்டு உள்ள போகுது. அதுல இருக்கிற சின்னப் பல்சக்கரம் இன்னொரு சக்கரத்தைத் திருப்பும், அது ராட்செட் சக்கரத்தைத் திருப்பும், அது டப்பாவுக்குள்ள சுருண்டு கிடக்கிற மெயின்ஸ்பிரிங்கை இறுக்கும். அவிழ்ந்து திரும்பி ஓடாம 'கிளிக்'ங்கிற ஒரு கொக்கி பிடிச்சுக்கும். டிக்கிடிக்கின்னு கேக்குற சத்தம் அதுதான். பின்பக்கம் திருப்பினா ஸ்டெம்ல இருக்கிற சாய்வுப் பற்கள் வழுக்கிவிடும், ஒண்ணும் ஆகாது. அதனாலதான் விரலை எடுக்காமலே முன்னும் பின்னும் உருட்டலாம்.

இப்போ பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்க அந்த மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீங்க. எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஓடுற கடிகாரம். நம்ம நாகர்கோவில் மணிமேடை 1893ல திறந்தது, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம். இந்த மாதிரி பெரிய கடிகாரங்களுக்குப் பொதுவா நீளமான கைப்பிடி போட்டுச் சுத்துவாங்க. எடை எவ்வளவு இருந்தாலும் கைப்பிடி நீளமா இருந்தா ஒரு ஆள் சமாளிச்சுருவான். ஆச்சி வாட்ச்சில அந்தக் கைப்பிடியோட நீளம் எவ்வளவு தெரியுமா? கிரௌன் விட்டம் 3 மில்லிமீட்டர். பாதி, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். மணிமேடையை விடுங்க, ஒரு அரிசி மணியோட நீளம்கூட இல்ல.

இதுதான் சின்ன வாட்ச்சோட பிரச்சினை. ஸ்பிரிங்கும் சின்னதுதான், தேவைப்படுற முறுக்கும் குறைவுதான். ஆனா விரல் சின்னதாகாதே. மூணு விஷயம் சேர்ந்துதான் வலியைத் தீர்மானிக்குது. உள்ள எவ்வளவு முறுக்கு வேணும், கிரௌன் எவ்வளவு பெருசு, விரலுக்கும் கிரௌனுக்கும் எவ்வளவு பிடிமானம். முறுக்கு கூடினா அதிகமா கிள்ளணும். கிரௌனும் பிடிமானமும் கூடினா கிள்ளுறது குறையும். ஆச்சிக்கு வலிக்கிறது திருப்பும்போது இல்ல, கிள்ளும்போது. இது புரிய எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

இது புரியறதுக்கு முன்னாடி ஒரு கடைக்குப் போய் ஏமாந்தேன். ஊர், பேர் வேண்டாம். "தம்பி, இந்த மெஷினைத் தூக்கிட்டு பேட்டரி மெஷின் போட்டுரலாம், சாவியே வேண்டாம்"னாங்க. நான் வேண்டாம்னேன். அப்போ கையில கிடைச்ச பெரிய கிரௌன் ஒண்ணைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துட்டாங்க. நாலாவது நாள் கிரௌன் ஆச்சி கையோட வந்துருச்சு. உள்ள ஸ்டெம் மரை தேஞ்சு போயிருந்துச்சு. ஆச்சி, தான்தான் உடைச்சுட்டோம்னு நினைச்சாங்க. ரெண்டு நாள் சரியா பேசல.

பேட்டரி யோசனை தப்புன்னு சொல்லல. 1980கள்ல ஓசூர்ல டைட்டன் வந்தப்போ ஜனங்க குவார்ட்ஸுக்கு ஓடினதுக்கு அழகும் விலையும் மட்டும் காரணம் இல்ல, தினம் சாவி கொடுக்கிற வேலை போச்சு. ஹெச்எம்டி 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சது. ஜனதா, சுஜாதான்னு வந்து, ஒரு காலத்துல நாட்டுல பாதிக் கல்யாணத்துக்கு அதுதான் சீர். 2016 ஜனவரியில வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்துச்சு. அந்த ஹெச்எம்டியே கண் தெரியாதவங்களுக்காக, கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டு நேரம் பார்க்கிற பிரெய்ல் வாட்ச் செஞ்சிருக்கு. கட்டுறவங்க கையை யோசிச்சு செஞ்ச வாட்ச் அது. ஆனா ஆச்சிகிட்ட பேட்டரி பத்திச் சொன்னப்போ வந்த பதில்: "அப்போ அது எனக்க வாட்ச்சு இல்லல்லா?"

ஆட்டோமேட்டிக் பத்தியும் யோசிச்சேன். ஜான் ஹார்வுட்னு இங்கிலாந்துக்காரர், வாட்ச் ரிப்பேர் பண்றவர், 1920கள்லயே கிரௌனே இல்லாத ஆட்டோமேட்டிக் வாட்ச் செஞ்சார். கை அசையும்போது உள்ள ஒரு எடை ஆடி ஸ்பிரிங்கை இறுக்கும், நேரம் வைக்கணும்னா கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையத்தைத் திருப்பணும். அவர் குறி தூசியும் ஈரமும் உள்ள போகக் கூடாதுங்கிறது, ஆனா மூட்டுவாதக்காரங்களுக்கும் பிரமாதமான யோசனை. சிக்கல் என்னன்னா, நாள் முழுக்க நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க கையில ஆட்டோமேட்டிக் சரியா ஏறாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லெகூல்த்ர் கம்பெனி 1929ல செஞ்ச கேலிபர் 101. உலகத்துலயே சின்ன மெக்கானிக்கல் மெஷின்கள்ல அது ஒண்ணு, எடை சுமார் ஒரு கிராம். கிரௌன் பக்கவாட்டுல இல்ல, வாட்ச்சுக்கு அடியில தட்டையா இருக்கு. கிள்ளவே வேண்டாம், விரல் நுனியை வச்சு தேய்ச்சாப் போதும். எலிசபெத் ராணி 1953ல முடிசூட்டு விழாவுக்குக் கட்டினது இந்த மெஷின் உள்ள வாட்ச்தான். ஆச்சி வாட்ச்சை அப்படி மாத்த முடியாது, ஆனா 'கிள்ளாம தேய்க்கணும்'ங்கிற வழி அங்கேருந்துதான் கிடைச்சுது.

கடைசியா கோட்டாறு பக்கம் ஒரு அண்ணாச்சியைப் பிடிச்சேன். ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான் கடை. அவர் கிரௌனைத் தொடவே இல்ல. முதல்ல மூடியைத் திறந்தார். "தம்பி, இது கடல் காத்து ஊரு. வேர்வை, உப்பு எல்லாம் ஸ்டெம் வழியாத்தான் போவும். பாருங்க துரு." எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி ஆயிருந்துச்சு. கழட்டிக் கழுவி, எண்ணெய் விட்டு, ஸ்டெம் புதுசு போட்டார். அப்பவே திருப்புறது நல்லா லேசாயிருச்சு. மூணு விஷயம்னு சொன்னேனே, நான் ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன், அவர் முதலாவதைச் சரிபண்ணினார். பெர்பார்மன்ஸ் பிரச்சினைன்னா முதல்ல அளந்து பாருன்னு ஆபீஸ்ல ஜூனியர்களுக்கு நான் சொல்றதுதான் இது.

அப்புறம் கிரௌன். பழைய இருப்பில தேடி, மரை சரியா பொருந்துற, ஓரத்துல ஆழமான வரி உள்ள உருண்டைக் கிரௌன் ஒண்ணு போட்டார். விட்டம் நாலரை மில்லிமீட்டர். கணக்குப் பாருங்க: கைப்பிடி நீளம் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் ஆச்சு, அதனால அதே முறுக்குக்குத் தேவையான விசை மூணுல ரெண்டு பங்காக் குறைஞ்சுது. இலவசமில்ல. சுற்றளவு கூடினதால ஒரு தேய்ப்புக்குக் கிரௌன் சுத்துறது குறையும், தேய்ப்பு எண்ணிக்கை ஒன்றரை மடங்காகும். ஆச்சிக்கு எண்ணிக்கை பிரச்சினையே இல்ல. இதைவிடப் பெருசு போட்டா புறங்கையில குத்தும், சேலையில மாட்டும்னு அண்ணாச்சி மறுத்துட்டார்.

பிடிமானம் என் பங்கு. ரப்பர் நம்ம மாவட்டத்துச் சரக்கு, ஆனா நான் போனது பேங்க்ல நோட்டு எண்ணுறவங்க போடுற ரப்பர் விரலுறைக்கு. பத்து ரூபாய் சமாச்சாரம். கட்டைவிரல்ல மாட்டினா வழுக்காது, அதனால அழுத்திக் கிள்ளத் தேவையில்ல. அடுத்து ஒரு பழைய ஹவாய் செருப்பு அட்டையில வாட்ச் உக்கார்ற அளவுக்குக் குழி வெட்டினேன். வாட்ச் மேசையில அசையாம இருக்கும், இடது கைக்குச் சும்மா தொட்டுக்கிற வேலைதான். கையில கட்டியபடி சாவி கொடுக்கிற பழக்கம் உள்ளவங்க கவனிங்க, அப்போ விரல் ஸ்டெம்மைச் சாய்ச்சு அழுத்தும். நாளாக நாளாக ஸ்டெம் வளையும்.

பிடிக்கிற விதத்தையும் மாத்தினோம். ரெண்டு விரல் நுனியால கிள்ளாம, ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுல கிரௌனை வச்சுக் கட்டைவிரலால தேய்க்கணும். பூட்டுச் சாவியைப் பிடிக்கிற பிடி. நுனியால கிள்ளுறதைவிட இதுல பலம் அதிகம். கிரௌன் சின்னதா இருந்தவரைக்கும் இப்படிப் பிடிக்க இடமே இல்ல.

ஸ்பிரிங் இறுக இறுக முறுக்கு கூடும், கடைசிச் சுத்துகள்தான் கனம். அதனால ஒரே மூச்சுல முழுக்க ஏத்தாம, காலையில கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். முழுக்க ஏத்தினா ஒன்றரை நாள் கிட்ட ஓடுற வாட்ச், அரை நாளில பயந்து நிக்காது. மெக்கானிக்கல் வாட்ச் ஸ்பிரிங் தளர்ச்சியா இருக்கும்போது நேரம் கொஞ்சம் மாறலாம், அதை ஒத்துக்கணும். 'அதிகமா சாவி கொடுத்தா கெட்டுரும்'ங்கிறதும் பாதிதான் உண்மை. முழுக்க ஏறினதால கெடாது, ஏறி நின்ன பிறகும் முரட்டுத்தனமா திருகினா உடையும்.

மிச்சம் இருந்தது நேரம் வைக்கிறது. இது சாவி கொடுக்கிறதைவிடக் கஷ்டம், ஏன்னா கிரௌனை வெளிய இழுக்கணும். நகம் நுழைய இடம் வேணும், இழுக்கத் திடீர்னு ஒரு வெட்டு விசை வேணும். உருண்டைக் கிரௌன்ல அடியில இடைவெளி இருக்கிறதால கொஞ்சம் பரவாயில்ல. முள்ளைத் தாங்குற கேனன் பினியன்னு ஒரு குழல் இறுக்கமா உக்காந்திருந்தா திருப்புறது கனக்கும், தளர்ந்தா முள் நழுவும். அண்ணாச்சி அதுக்கு ஒரு துளி கிரீஸ் வச்சார். ஆனாலும் ஆச்சியால இழுக்க முடியல. அப்போதான், கஷ்டமான வேலையை லேசாக்க முடியலன்னா எத்தனை தடவை செய்யணும்ங்கிறதைக் குறைக்கலாம்னு தோணுச்சு. அண்ணாச்சிகிட்ட மறுபடியும் போய் ரெண்டு வாரம் வச்சு நேரம் சரிபண்ணச் சொன்னோம். இப்போ ஒரு நாளைக்கு அரை நிமிஷத்துக்குள்ள முந்துது. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை அம்மா கிரௌனை இழுத்து மட்டும் விடுவாங்க. முள்ளைத் திருப்பி உள்ள தள்ளுறது ஆச்சி.

ஐந்து நிமிஷம் முன்னாடி வச்சுத்தான் தள்ளுறாங்க. ஏன்னு கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னா என்ன செய்வே?"ன்னாங்க.

முதல் தடவை செருப்பு அட்டையில வாட்ச்சை வச்சு, ரப்பர் உறையைப் போட்டு, பதினஞ்சு தேய்ப்பு தேய்ச்சு, காதுல வச்சுக் கேட்டுட்டு ஆச்சி சொன்னது ஒரே வார்த்தை: "கொள்ளாம்."

உங்க வீட்லயும் அலமாரியில ஒரு வாட்ச் நின்னு கிடந்தா, கிரௌனை மாத்துறதுக்கு முன்னாடி உள்ள கழுவச் சொல்லுங்க, பசை போடுற கடைக்கு மட்டும் போயிராதீங்க. அடுத்த வாரம் மறுபடியும் டேட்டாபேஸ். மன்னிச்சுக்கோங்க.