பேரக்குழந்தைகள் தொகுக்கும் திருத்தலப் புத்தகம்

தமிழர் இல்லங்களில் குழந்தைகளுக்குக் கலையை முதலில் கற்பித்தவை பண்டிகைகளே. மார்கழி விடியலில் பாட்டியின் அருகே நின்ற சிறுமி, நேர்ப்புள்ளிக்கும் ஊடுபுள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்குச் செல்லும் முன்பே அறிந்தாள். விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியால் கண் வைத்து, வண்ணக் காகிதத்தால் குடை செய்வது சிறுவர்களின் பொறுப்பாக இருந்தது. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் கேழ்வரகை முளைக்கவிட்டுப் பூங்கா அமைத்ததும் அவர்களே. கோகுலாஷ்டமிக்கு அரிசிமாவில் கைமுட்டியைத் தோய்த்துக் கண்ணனின் பிஞ்சுப் பாதங்களைத் தரையில் பதித்ததும் அவர்களே. இவற்றை அன்று எவரும் கலைப்பயிற்சி என்று அழைக்கவில்லை. ஆயினும், கையும் கண்ணும் மனமும் ஒன்றுபட்டு உழைக்கும் பழக்கம் அவற்றால் குழந்தைகளுக்கு இயல்பாகவே வந்தது.

இன்று வாசற்கோலம் ஒட்டுத்தாளாகக் கிடைக்கிறது. பிள்ளையார் குடை கடையில் விற்கப்படுகிறது. குழந்தையின் விரல்களோ கைபேசியின் கண்ணாடிப் பரப்பை வருடிக்கொண்டிருக்கின்றன. இதற்காகக் குழந்தைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஒரு பொருளைக் குழந்தையின் கையிலிருந்து வாங்க வேண்டுமானால், அதனினும் சுவையான வேறொன்றை அக்கையில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கத்தக்க ஒன்று ஒவ்வொரு வீட்டின் பரணிலும் அலமாரியிலும் காத்திருக்கிறது.

பிள்ளையார் உருவம் பொறித்த திருமண அழைப்பிதழ்கள், கும்பாபிஷேகப் பத்திரிகைகள், தல வரலாற்றுச் சிறுநூல்கள், அர்ச்சனைச் சீட்டுகள், ஆண்டு முடிந்த நாட்காட்டியின் தெய்வப் படங்கள் ஆகியவற்றைக் குப்பையில் இட மனம் வராமல் பெரியோர் சேர்த்து வைத்திருப்பார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வத் திருவுருவங்கள், சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாகவே எண்ணற்ற பூஜையறைகளை அடைந்தன. இத்தகைய படங்களைக் கோயில் மரத்தடியில் விட்டுவருவதைக் காட்டிலும், பேரக்குழந்தையின் கையால் ஒரு புத்தகமாகத் தொகுக்கச் செய்வது சிறப்பன்றோ?

இதற்குப் பெரும் செலவு இல்லை. கோடிடாத, தடித்த தாள்களையுடைய ஒரு நோட்டுப் புத்தகம், முனை மழுங்கிய கத்தரிக்கோல், வண்ணப் பென்சில்கள் ஆகியவை போதும். மைதா மாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால் வீட்டிலேயே பசை கிடைத்துவிடும். கத்தரிக்கும்போது தெய்வ உருவத்தின்மேல் கத்தரி படாமல், சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டும்படி சொல்லித்தர வேண்டும். புத்தகத்தைக் காலடி படும் இடத்தில் வைக்காதிருக்கப் பழக்க வேண்டும். கண்டிப்பான சொற்களின்றியே பக்தியும் பணிவும் குழந்தைக்கு இவ்வாறு வந்து சேரும்.

ஒவ்வொரு திருத்தலத்திற்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்கலாம். இடப்பக்கத்தில் அத்தலத்தின் படம், அர்ச்சனைச் சீட்டு, பிரசாதமாகக் கிடைத்த வில்வ இலையோ துளசித் தளிரோ இடம்பெறலாம். இலையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். இல்லையேல் பூஞ்சை பிடித்துவிடும். வலப்பக்கம் முழுவதும் குழந்தைக்கே உரியது. கோயிலில் கண்டவற்றுள் தன் மனத்தில் நின்ற ஒன்றை அது அங்கே வரையட்டும்.

கருவறைக் காட்சியை நினைவிலிருந்து வரைவதில் ஒரு நன்மை உண்டு. தமிழகக் கோயில்களில் கைபேசியைப் பயன்படுத்தத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படம் பிடிக்க இயலாத இடத்தில் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். “வீட்டுக்குப் போனதும் வரைய வேண்டும், நன்றாகப் பார்த்துக்கொள்” என்று தாத்தா சொன்னால், பேரன் அம்பாளின் கையிலிருப்பது தாமரையா, நீலோற்பலமா, கிளியா என்று உற்று நோக்குவான். துவாரபாலகரின் கைகளை எண்ணுவான். தூணிலுள்ள யாளியின் வாயில் உருளும் கல் எவ்வாறு உள்ளே சென்றது என்று வினவுவான். அந்த வினாவே தரிசனத்தின் தொடக்கம்.

கோயிலில் அமர்ந்து வரைவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஓவியர் சில்பியைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். 1919-இல் நாமக்கல்லில் பிறந்த அவருடைய இயற்பெயர் சீனிவாசன். தாமும் ஓவியராக விளங்கிய நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, அச்சிறுவனின் திறனைக் கண்டு, சென்னை எழும்பூரிலிருந்த ஓவியப் பள்ளியில் சேருமாறு ஊக்குவித்தார். பின்னாளில் ஆனந்த விகடனில் சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’, கோயிலுக்குச் செல்ல இயலாதவர்களின் வீட்டுக்கே தெய்வங்களையும் சிற்பங்களையும் கொண்டுசேர்த்தது. ஊரிலுள்ள பெரியவர் ஒருவர் பிள்ளையின் கோடுகளை மதித்துப் பார்த்ததனால் விளைந்த பயன் இது. எல்லாக் குழந்தைகளும் சில்பி ஆகப்போவதில்லை. ஆனால், தன் படத்தை அமர்ந்து பார்க்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் தேவை.

அவ்வாறு பார்க்கும்போது பெரியோர் சிறிது பொறுமை காக்க வேண்டும். பேத்தி வரைந்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை நீளமாயிருக்கலாம்; மூஞ்சூறு யானையளவு பெரிதாயிருக்கலாம்; முருகனின் மயில் செந்நிறமாயிருக்கலாம். உடனே பென்சிலை வாங்கித் திருத்தினால் அன்றோடு அந்த விருப்பம் அடங்கிவிடும். அடுத்த வீட்டுக் குழந்தையின் படத்தோடு ஒப்பிடுவதும் அத்தகையதே. “இதைப் பற்றி எனக்குச் சொல்” என்று கேட்டால் போதும். மூஞ்சூறு ஏன் அவ்வளவு பெரிது என்பதற்குக் குழந்தையிடம் ஒரு காரணம் இருக்கும். அதன் கற்பனை வெளிப்படுவது அங்கேதான்.

இந்தப் புத்தகத்தில் பெரியோர் செய்ய வேண்டிய பணியும் ஒன்று உண்டு. குலதெய்வத்தின் பெயர், அது எழுந்தருளியுள்ள ஊர், அங்கு செல்லும் வழி, பொங்கல் வைக்கும் மாதம், குடும்பத்தில் முதல் முடி எடுக்கும் வழக்கம், அக்கோயிலுக்குக் கொள்ளுத்தாத்தா செய்த கைங்கரியம் ஆகியவற்றைத் தம் கையெழுத்திலேயே எழுதித்தர வேண்டும். பெரிய கோயில்களின் வரலாறு நூல்களில் உள்ளது. ஊர் எல்லையில், வேப்பமரத்தடியில் இருக்கும் குலதெய்வத்தின் வரலாறு பெரும்பாலும் வீட்டுப் பெரியோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் சொல்லாமல் சென்றுவிட்டால், அடுத்த தலைமுறை தன் குலதெய்வம் எதுவென அறியாமல் ஊர் ஊராகக் கேட்டலைய நேரிடும். இத்துயரம் இன்று பல குடும்பங்களில் உள்ளது.

பேரக்குழந்தைகள் வெளிநாட்டில் வளர்ந்தாலும் இப்பணி தடைப்பட வேண்டியதில்லை. காணொளி அழைப்பில் பாட்டி ஒரு தலத்தின் கதையைச் சொல்ல, குழந்தை அங்கிருந்தே அதை வரையலாம். விடுமுறையில் வரும்போது அப்படங்களையெல்லாம் ஒரே புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தான் வரைந்த படத்தின் கீழ் ஊரின் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கும் ஆவல் எழும். அகரம் கற்பிக்க அதைவிட நல்ல தருணம் ஏது?

சரஸ்வதி பூஜையன்று வீட்டிலுள்ள ஏடுகளையும் நூல்களையும் அடுக்கி வழிபடுவது வழக்கம். அந்த அடுக்கில் குழந்தையின் இந்தப் புத்தகத்தையும் சந்தனம், குங்குமம் இட்டு வைக்கலாம். மறுநாள் விஜயதசமியன்று அதை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, புதிய பக்கம் ஒன்றைத் தொடங்கச் செய்யலாம்.