‘இன்னும் வேலை கிடைக்கலையா?’

கடலூர் மாவட்டத்தில் எந்தக் காலனிக்குப் போனாலும், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கல்லூரியில் சேர்க்க அடகு வைத்த அம்மாவின் கம்மல் இன்னும் மீட்கப்படாத வீடுகளும் உண்டு. அதனால்தான் தெருவில் இறங்கினாலே, “இன்னும் வேலை கிடைக்கலையாப்பா?” என்ற கேள்வி வருகிறது. அக்கறையோடு கேட்பதுதான். ஆனால் ஒரே நாளில் நான்கு பேர் கேட்டால், அடுத்த நாள் வெளியே வரவே மனம் வராது.

“மனம் தளராதே” என்று சொல்வது எளிது. அது அறிவுரையால் மட்டும் நடக்கிற காரியமா?

குறை யாரிடம்?

வேலை தேடுபவரை முதலில் அரித்துத் தின்பது, ‘என்னிடம்தான் ஏதோ குறை’ என்ற எண்ணம். இதற்குப் பதிலாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்டது அது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே கல்வித் தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயரில் போன விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. தகுதியில் வேறுபாடு இல்லை, பெயரில்தான் வேறுபாடு.

நேர்காணலில் “சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்கும்போது நம் பிள்ளைகளுக்கு வியர்ப்பது இதனால்தான். அந்தக் கேள்விக்குத் தயங்க வேண்டியதில்லை. “அப்பா விவசாயக் கூலி. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி” என்று நிமிர்ந்து சொல்லப் பழக வேண்டும். வீட்டிலேயே நான்கு முறை சொல்லிப் பார்த்தால், ஐந்தாவது முறை குரல் நடுங்காது.

அண்ணல் அம்பேத்கரும் வேலை தேடி அலைந்தவர்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்குவதற்கு இடம் தரவில்லை. வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. 1918 நவம்பரில்தான் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்ததும் அதே 1918-இல்தான். வேலை இல்லை என்று அவர் எழுத்தை நிறுத்திவிடவில்லை.

கூலிக்குப் போகும் நாட்கள்

நம் வீடுகளில் வேலை தேடுபவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. நடவு, முந்திரிக் கொட்டை பொறுக்குதல், பெயின்ட் அடித்தல், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுதல் என்று ஏதாவது ஒன்றுக்குப் போகிறார்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் களைத்து வந்து படுத்தால், ஒரு மாதம் போனதே தெரியாது.

தாக்குப்பிடிப்பவர்களிடம் சில பழக்கங்களைக் காணலாம். வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் விடியற்காலை இரண்டு மணி நேரம் படிப்புக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தனியாகப் படிப்பதில்லை, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். எந்த வேலைக்கு எப்போது விண்ணப்பித்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்கள். மனம் சோரும்போது, ‘நான் ஒன்றுமே செய்யவில்லை’ என்பது பொய் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

பெண்களுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடைப்பதில்லை. தண்ணீர் பிடிப்பதும் சமைப்பதும் அவர்கள் தலையில் விழுகிறது. மகள் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால், அந்த வேலைகளை அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் போதாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டு தொடர்ந்திருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், வேலையற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வயது வரம்பு 45. தொகை சிறியதுதான்; ஆனாலும் நேர்காணலுக்குப் போக பஸ் காசு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. இதே அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளுக்கும் கட்டணம் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக் கட்டணத்தில் நமக்கு விலக்கு உண்டு. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பலர் இதற்குரிய சான்றிதழை வாங்கி வைக்காமல் கடைசி நேரத்தில் அலைகிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. “பணம் கொடு, அரசு வேலை வாங்கித் தருகிறேன்” என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்டிடமும் ஒப்படைக்காதீர்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு

இந்த மண்ணில் நம் பிள்ளைகள் படிக்க முடிந்ததற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உருவாக்கியது. ஒருவர் மேலே ஏறினால் அடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

இன்று ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஆசிரியராக, காவலராக, வங்கி ஊழியராகப் போனவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் அம்பேத்கர் மன்றத்தில் உட்காருங்கள். ஒரு விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுங்கள், ஒரு நேர்காணலை நடத்திப் பாருங்கள், நீங்கள் எத்தனை முறை தோற்று வென்றீர்கள் என்று சொல்லுங்கள். வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு அதைவிடப் பெரிய தெம்பு இல்லை.