வரப்பு தாண்டும் படைப்புழு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசலில் பருத்தியோடு மக்காச்சோளமும் முக்கியப் பயிர். 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்தப் பருவத்திலேயே இங்குள்ள மக்காச்சோள வயல்களையும் சூறையாடியது. 2020-இல் ஆஸ்திரேலியாவையும் எட்டியது. அங்குள்ள பெரும்பண்ணைக்காரருக்கும் இங்குள்ள இரண்டு ஏக்கர்க்காரருக்கும் எதிரி ஒன்றே. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அதன் அந்துப்பூச்சிக்கு வரப்பு தடையாகுமா? ஆகவே ஒருவர் மட்டும் தன் வயலைக் காத்தால் போதாது, ஊரே சேர வேண்டும். மருந்தடித்தால் சாகாதா என்று கேட்கலாம். இளம்புழு சாகும், வளர்ந்த புழுவோ குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வழியை அடைத்துக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்காது. அதனால் முன்கூட்டியே தடுப்பதே நல்லது. கோடை உழவு செய்தால் மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடலாம், வரப்போரம் தட்டைப்பயறு விதைக்கலாம்.

ஊரே ஒரே சமயத்தில் விதைப்பதும் அவசியம். மழையை நம்பியிருப்பவர் அடுத்தவருக்காகக் காத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மானாவாரியில் பெரும்பாலோர் அதே மழைக்குத்தான் விதைக்கிறோம். முன்பின் போவது சில நாட்களே. அந்த இடைவெளிதான் புழுவுக்குத் தொடர்ந்து இளங்குருத்தைக் கொடுக்கிறது. புரட்டாசி மழைக்கு முன்பே ஊர் கூடி விதைப்பு நாளைப் பேசி முடிவெடுங்கள். இலையில் முட்டைக் குவியலைக் கண்டால் அப்போதே நசுக்கிவிடுங்கள்.