கவுன்சிலின் கை எதுவரை நீளும்?

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரைத் தேடி ஓர் ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கதவுக்குப் பக்கத்தில ஒரு மெஷின் வைக்கிறம் அண்ணை. சனம் காசைப் போட்டு பிட்காயின் வாங்குவினம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, மாசாமாசம் வாடகை வரும்" என்கிறார். கடைக்காரர் யோசிக்கிறார். குடிவகை விற்கும் லைசன்ஸ் கவுன்சில் தந்தது. கடை முகப்பை மாற்றியபோது கேட்டதும் கவுன்சிலைத்தான். குப்பை அள்ளுவதும் அவர்கள்தான். ஆகவே அவர் வாயில் வரும் முதல் கேள்வி: "கவுன்சில் ஓமெண்டு சொல்லுமோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் தவறான கதவில் தட்டும் கேள்வி. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். அவசரம் ஒன்றுமில்லை, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே பேசலாம்.

முதலில் அந்த மெஷின். காசு போட்டால் கிரிப்டோ தரும் ஏடிஎம் அது. பிரிட்டனில் பணத்தைக் கிரிப்டோவாகவோ கிரிப்டோவைப் பணமாகவோ மாற்றித் தரும் எந்த வியாபாரமும் 2020 ஜனவரி 10 முதல் எஃப்சிஏ என்ற நிதி நடத்தை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுக்கும் விதிகளின் ஒரு பகுதி இது. 2022 மார்ச்சில் எஃப்சிஏ வெளிப்படையாகவே அறிவித்தது: பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூட ஏடிஎம் நடத்த அனுமதி இல்லை, ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் சட்டவிரோதம், மூடுங்கள். அடுத்த ஆண்டு லண்டன் போலீசாரோடு சேர்ந்து கிழக்கு லண்டன் கடைகளில் அது சோதனை நடத்தியது. அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் கடைகளில் மெஷின் வைத்து 25 லட்சம் பவுண்டுக்கு மேல் புரட்டிய ஒருவருக்கு 2025 பிப்ரவரியில் 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

எஃப்சிஏயின் தலைமை அலுவலகம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டும் ஈஸ்ட் ஹாமும் நியூஹாம் என்ற ஒரே பரோவுக்குள், அதாவது ஒரே உள்ளாட்சிப் பகுதிக்குள், அடக்கம். நம் கடைக்காரர் கேட்க நினைக்கும் கவுன்சிலும், கேட்க வேண்டிய ஆணையமும் சில மைல் தூரத்தில் ஒரே ஊருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது.

இதில் ஒரு பொறி உண்டு. கடைக்குள்ளே ஒரு மூலையில் நிற்கும் மெஷினுக்குப் பொதுவாக பிளானிங் பெர்மிஷன் தேவைப்படாது. கடைக்காரர் கவுன்சிலுக்குப் போன் அடித்தால், "அதற்கு எங்கள் அனுமதி வேண்டியதில்லை" என்ற பதில் வரலாம். அந்தப் பதில் உண்மைதான். ஆனால் அவர் காதில் விழுவது "வைக்கலாம்" என்பது. அவர்கள் சொன்னது "இது எங்கள் விஷயமில்லை" என்பது மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் சிறைவாசமே இருக்கிறது.

இனி, கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள்கூட இப்படி வாதாடுவார்கள்: "கவுன்சிலுக்குப் பொது அதிகாரம் என்று ஒன்றைப் பார்லிமெண்டே கொடுத்திருக்கிறதே? பிறகு கிரிப்டோவை ஏன் தடுக்க முடியாது?" பொது அதிகாரம் கொடுத்தது உண்மை. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டத்தின் முதல் பிரிவே அதுதான். தனிமனிதர் பொதுவாகச் செய்யக்கூடிய எதையும் கவுன்சிலும் செய்யலாம் என்கிறது அது.

அந்தப் பிரிவு ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன் அளவும் தெரிந்துவிடும். 1980களில் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் வங்கிகளோடு விசித்திரமான ஒப்பந்தங்களைப் போட்டது. வட்டி விகிதம் ஏறினால் ஒரு தரப்புக்குப் பணம், இறங்கினால் மறு தரப்புக்கு. கிட்டத்தட்ட 600 ஒப்பந்தங்கள், அவற்றின் முகமதிப்பு சுமார் 600 கோடி பவுண்டு. ஒரு பரோ கவுன்சில்! கணக்குத் தணிக்கையாளர் கோர்ட்டுக்குப் போனார். 1991 ஜனவரியில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: இப்படிச் செய்யப் பார்லிமெண்ட் கவுன்சிலுக்கு அதிகாரம் தரவில்லை, ஆகவே இந்த ஒப்பந்தங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கவுன்சில் என்பது சட்டம் பெற்ற பிள்ளை, சட்டம் கையில் கொடுத்ததுதான் அதற்குச் சொத்து. இங்கிலாந்து உள்ளாட்சியின் அடிப்படை இதுதான். பிரென்ட் கவுன்சிலும் மற்ற லண்டன் பரோக்களும் சேர்ந்து தொடங்கிய காப்புறுதி நிறுவனத்திலும் 2009இல் இதே காரணத்தால் சிக்கல் வந்தது.

ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பிரிவைத் தேடி அலைய வேண்டாம் என்றுதான் 2011இல் பொது அதிகாரம் வந்தது. இப்போது அதன் வாசகத்தை மறுபடி பாருங்கள். தனிமனிதர் செய்யக்கூடியதை. ஒரு தனிமனிதராக நீங்கள் என்ன செய்யலாம்? கட்டடம் வாங்கலாம், கம்பனி தொடங்கலாம், கடன் கொடுக்கலாம், ஊருக்குப் புத்தி சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் பிட்காயின் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட முடியுமா? அவருக்கு அபராதம் விதிக்க முடியுமா? உங்களால் முடியாது, ஆகவே இந்தப் பிரிவை வைத்துக் கவுன்சிலாலும் முடியாது. அது கவுன்சில் தானே ஒன்றைச் செய்வதற்கான சுதந்திரம், மற்றவரைத் தடுப்பதற்கான அதிகாரமல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

தடுக்கும் அதிகாரத்துக்கு வேறு வழி இருக்கிறது. பைலா, அதாவது கவுன்சில் தன் எல்லைக்குள் போடும் விதி. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 235ஆம் பிரிவு லண்டன் பரோக்களுக்கு இதைத் தருகிறது: நல்லாட்சிக்காகவும் தொல்லைகளை அடக்கவும். ஆனால் அதே பிரிவில் ஒரு கடிவாளமும் உண்டு. வேறு சட்டம் ஏற்கெனவே கவனிக்கும், அல்லது கவனிக்கக்கூடிய காரியத்துக்குப் பைலா போட முடியாது. கிரிப்டோ வியாபாரத்தைப் பார்லிமெண்டின் நிதிச் சட்டங்கள் தொட்டுவிட்டன. 2023 அக்டோபர் 8 முதல் கிரிப்டோ விளம்பரங்களும் எஃப்சிஏ விதிகளுக்குள் வந்துவிட்டன. புதிதாக வாங்க வருபவரை 24 மணி நேரம் பொறுத்திருக்கச் சொல்வதும், நண்பரைச் சேர்த்தால் பரிசு என்பதைத் தடுத்ததும் அவைதான். கவுன்சில் நுழைய அங்கே இடுக்கு இல்லை.

அப்படியானால் கவுன்சில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. பணம் அதன் கைக்கு எட்டாது, ஆனால் இடம் எட்டும். மைனிங்கை எடுத்துக்கொண்டால் இது நன்றாகத் தெரியும்.

பிட்காயினுக்கு ஒரே பொதுக் கணக்கேடு. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் ஓர் எண்ணை உலகெங்கும் உள்ள கருவிகள் கண்ணை மூடிக்கொண்டு தேடுகின்றன. முதலில் கண்டுபிடித்த கருவியின் சொந்தக்காரருக்குப் பரிசு, 2024 ஏப்ரலிலிருந்து அது 3.125 பிட்காயின். இந்தத் தேடலின் பெயர்தான் மைனிங். ஒரு கருவி 3,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். தேத்தண்ணிக்கு நாம் இப்போது கொதிக்க வைத்த கெட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கும். கெட்டில் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். மைனிங் கருவி பகலும் இரவும் கொதித்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு 72 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றாலும் ஒரு கருவிக்கு ஒரு நாளில் 18 பவுண்டு. அந்தச் சூட்டைத் தணிக்கச் சுழலும் விசிறிகளின் இரைச்சல் வேறு.

கவுன்சில் நுழைவது அந்த இரைச்சலின் வழியாகத்தான். 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், தொல்லை தரும் சத்தம் பற்றி முறைப்பாடு வந்தால் விசாரிக்க வேண்டிய கடமையைக் கவுன்சிலுக்கு விதிக்கிறது. தொல்லைதான் என்று உறுதியானால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், மீறினால் வழக்குத் தொடுக்கலாம். வியாபார இடமாக இருந்தால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. அந்த வியாபாரிக்கும் ஒரு தற்காப்பு உண்டு: சத்தத்தைக் குறைக்க நடைமுறையில் முடிந்த சிறந்த வழியெல்லாம் செய்துவிட்டேன் என்று அவர் நிரூபிக்கலாம். கவனியுங்கள், இந்த வழக்கில் பிட்காயின் என்ற பேச்சுக்கே வேலையில்லை. அதே சத்தம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

பிளானிங்கும் அப்படியே. ஒரு கிடங்கைக் கருவிகள் நிறைந்த கூடமாக மாற்றினால், கட்டடத்தின் பயன்பாடு மாறியதா, சத்தம் எவ்வளவு, அக்கம்பக்கத்துக்கு என்ன பாதிப்பு என்று கவுன்சில் கேட்கலாம். "கிரிப்டோ சூதாட்டம், ஆகவே அனுமதி இல்லை" என்று எழுதினால் அது மேல்முறையீட்டில் நிற்காது.

மின்சாரத் திருட்டு மூன்றாவது விஷயம், அது போலீசுக்கு உரியது. 2021 மே மாதம் வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் போலீசார் சாண்ட்வெல்லில் ஒரு தொழிற்பேட்டைக் கூடத்தைக் கஞ்சாத் தோட்டம் என்று நினைத்து உடைத்துப் போனார்கள். ட்ரோன் கேமராவில் கூரை அவ்வளவு சூடாகத் தெரிந்தது. உள்ளே ஒரு செடிகூட இல்லை, சுமார் 100 மைனிங் கருவிகள். மீட்டரைத் தாண்டி மின்சாரம் இழுக்கப்பட்டிருந்தது. மைனிங் குற்றமல்ல, மின்சாரத்தைத் திருடியதுதான் குற்றம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறோர் இடைவெளி. 2022 ஜூலையில், லண்டனின் மேற்குப் பகுதியில் ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய மூன்று பரோக்களில் புதிய வீட்டுத் திட்டங்கள் சிலவற்றுக்கு மின் இணைப்பு 2035 வரைகூடத் தள்ளிப்போகலாம் என்று லண்டன் பெருநகர நிர்வாகத்தின் குறிப்பொன்று எச்சரித்தது. எம்4 நெடுஞ்சாலையோரம் ஓடும் ஃபைபர் கேபிளை ஒட்டி வந்த டேட்டா சென்டர்கள் பெரும் அளவு மின்திறனை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டிருந்தன. அவை மைனிங் கூடங்கள் அல்ல. ஆனால் மின் இணைப்புக்கு நிற்கும் வரிசை ஒன்றுதான். வீடு கட்ட வேண்டிய பொறுப்பு கவுன்சிலுடையது, மின் வரிசையில் யாருக்கு முதலிடம் என்று சொல்லும் அதிகாரம் அதனிடம் இல்லை. பண விஷயம் மத்தியில் இருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஒரு நாணயத்துக்கு லண்டனின் 32 பரோக்களிலும் 32 விதிகள் இருந்தால் யாருக்கும் நன்மையில்லை. மின்சாரத்தில் மட்டும் அந்தந்த ஊரின் குரலுக்கு இன்னும் எடை வேண்டும்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க் நகரம் 2018 மார்ச்சில் புதிய மைனிங் கூடங்களுக்கு 18 மாதத் தடை போட்டது. அங்கே நகரங்களுக்கு அந்த வலு உண்டு. அதனால்தான் ஆர்கன்சா மாநிலம் 2023இல், மைனிங்கை மட்டும் குறிவைத்து உள்ளூராட்சிகள் விதி போடக் கூடாது என்று தனிச் சட்டம் இயற்றியது. அதிக காலம் போகவில்லை, விசிறிச் சத்தம் தாங்காத மக்கள் எழுப்பிய குரலால், 2024இல் அதைத் திருத்திச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மறுபடி உள்ளூருக்கே கொடுத்தார்கள். லண்டனில் கையைக் கட்ட எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, அந்த அதிகாரம் தொடக்கத்திலேயே கவுன்சிலிடம் இல்லை. சத்தத்தைக் கேட்கும் அதிகாரமோ எப்போதும் இங்கேதான் இருந்தது.

ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டியது, மெஷினோடு வருபவரின் நிறுவனப் பெயரை எஃப்சிஏயின் பதிவேட்டில் தேடி, ஏடிஎம் நடத்த அதற்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் இரவெல்லாம் விசிறி இரைந்தால் மட்டும் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துவைத்து. கவுன்சில் அசையாவிட்டாலும் வழி இருக்கிறது. அதே 1990 சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, சத்தம் போடுபவருக்கு 3 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்துவிட்டு, நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.