கங்கா மீது யாருக்குக் கோபம்?

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படித்து முடித்த என் அண்ணன் மகள், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள். "இதையா காதல் கதைன்னு குடுத்தீங்க, அத்தை? அந்த ஆளோட அவ எப்படிப் பழகலாம்?" என்றாள். என் அம்மாவும் இதே நாவலின் மீது கோபம் கொண்டவர்தான். ஆனால் அவரது கோபம் வேறு: கல்யாணமாகாத பெண், மனைவி மக்கள் உள்ள ஒருவனோடு காரில் சுற்றுவதா?

ஒரே கதாநாயகி மீது இரு தலைமுறைகளுக்கு எழுந்த இரு வேறு கோபங்கள் என்னை யோசிக்க வைத்தன.

இந்நாவலே வாசகர்களின் கோபத்திலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியும். 1966-இல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் அறியாதவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்படுகிறாள். அழுதபடி வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள் தாய். அந்த ஒரு குடம் தண்ணீருக்குத்தான் அவ்வளவு எதிர்ப்பு. கதையை மாற்றி முடித்துக்காட்டவும் சிலர் முன்வந்தனர். காரோட்டி வந்தவனை விட, மகளை மன்னித்த தாயே பலருக்குக் குற்றவாளியாகத் தெரிந்தாள்.

ஜெயகாந்தன் இதற்குக் கட்டுரையால் பதில் சொல்லவில்லை. அந்தத் தாய் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாவலாகவே எழுதினார். 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் 'தினமணி கதி'ரில் தொடராக வந்த அது, பின்னர் இப்போதைய பெயரில் நூலாகி, 1972-இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. அண்ணனால் வீட்டைவிட்டு விரட்டப்படும் கங்கா, மாமாவின் தயவில் படித்து உத்தியோகத்துக்கு வருகிறாள். கற்பு பேசும் அந்த மாமாவின் பார்வையே சரியில்லை. இந்நிலையில்தான், தன் வாழ்வைக் குலைத்த பிரபுவை அவளே தேடிச் சென்று நட்பாகிறாள். திருமணத்தை நாடாத, பெயர் சூட்ட இயலாத உறவு அது. பிரபு விலகிப் போனதும் அவள் மதுவில் கரைகிறாள்.

வாசகர்கள் கேட்ட தண்டனையை ஆசிரியர் கங்காவுக்கு அளித்து, அதன் விலையை அவர்கள் முன் வைத்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன். கதையில் மன்னிக்கப்பட்டவள் கரையேறினாள். நாவலில் மன்னிக்கப்படாதவள் மூழ்கினாள். இரண்டிலும் பெண் செய்த பிழை ஒன்றுதான். மாறியது சுற்றியிருந்தவர்களின் நடத்தை மட்டுமே.

ஆயினும் என் அண்ணன் மகளின் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. அன்று விவாதம் பெண் தூய்மையானவளா என்பதைச் சுற்றியே நடந்தது. அவளோ ஆண் குற்றவாளியா என்று கேட்கிறாள். நாவல் பிரபுவைப் பரிதாபத்துக்குரியவனாகவும் நம் முன் நிறுத்துகிறது. அந்தப் பரிவு, அவன் செய்ததை மறக்கச் செய்துவிடுமோ என்ற அவளது அச்சம் நியாயமானது. கங்காவுக்கு அவனைத் தவிர வேறு போக்கிடமே இல்லாமல் செய்தது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்தவள், "அதுக்காக அவன் நல்லவனாயிடுவானா?" என்றாள். ஆக மாட்டான்தான்.

வழக்கத்துக்கு மாறான நாயகி ஒருத்தியைக் குறித்து வாசகர்கள் சொல்வதில் பாதி, அவர்களையே குறித்தது. என் அம்மாவின் கோபம் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்திலிருந்து வந்தது; இவளுடையது நீதி எங்கே என்ற கேள்வியிலிருந்து. இரண்டையும் தாங்கிக்கொண்டு கங்கா இன்னும் நிற்கிறாள். புத்தகத்தை என் அலமாரியில் திருப்பி வைக்கப் போனேன். "இருக்கட்டும் அத்தை, இன்னொரு தடவை படிக்கணும்" என்று வாங்கிக்கொண்டாள்.