ஓடும் ஆற்றில் எழுந்து நிற்கலாமா?

மாணவர்களே, தைப்பூசத்தின்போது பினாங்கு தண்ணீர்மலைக்குப் போயிருப்பீர்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததுண்டா? கோயிலுக்கு அருகில், தாவரவியல் பூங்காவை ஒட்டிய மலைச்சரிவில் ஓர் அருவி இருக்கிறது. அந்த நீர் சுங்கை ஆயர் தெர்ஜுன் என்ற பெயரில் கீழே இறங்கி, சுங்கை ஆயர் ஈத்தாமுடன் கலந்து சுங்கை பினாங் ஆகிறது. டத்தோ கிராமாட் பக்கம் வரும்போது அதே ஆறு சோம்பலாக நகர்ந்துகொண்டிருக்கும். மேலே பாறைமேல் பாறையாகத் தாவிய நீரா இது என்று சந்தேகம் வரும்.

நீர் மாறவில்லை, நிலத்தின் சரிவுதான் மாறியது. உயரத்தில் இருக்கும் நீருக்கு நிலை ஆற்றல் உண்டு. இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. 5 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், கீழே வரும்போது வினாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் வேகத்தை எட்டிவிடும். ஆறு குறுகும் இடத்திலும் வேகம் கூடும். தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே விதிதான். சரிவு, குறுகல், பாறை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் நீர் மோதிச் சுழன்று, காற்றை இழுத்துக்கொண்டு வெள்ளை நுரையாகப் பொங்குகிறது.

இப்படிப்பட்ட நீரில் ரப்பர் படகிலும் கயாக்கிலும் துடுப்புப் போடுவது ஒரு விளையாட்டு. பேராக்கில் கோப்பெங் அருகே சுங்கை கம்பார், சிலாங்கூரில் கோல குபு பாரு அருகே சுங்கை சிலாங்கூர், சபாவில் கியூலு, பாடாஸ் ஆகிய ஆறுகள் இதற்குப் பெயர் பெற்றவை. உலகெங்கும் ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சிற்றலை மட்டும். 6 என்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, ஒரு கேள்வி. படகு கவிழ்ந்து நீங்கள் ஆற்றில் விழுந்துவிட்டீர்கள். நீர் இடுப்பளவுதான். என்ன செய்வீர்கள்? வகுப்பில் இதைக் கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில், “எழுந்து நிற்பேன், சார்!”

அதுதான் தவறு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் நீரோட்டத்திற்குக் காட்டும் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் விசை ஏறத்தாழ 100 நியூட்டன். வேகம் 2 மீட்டர் ஆனால் விசை 200 அல்ல, 400 நியூட்டன். 3 மீட்டர் ஆனால் 900! 400 நியூட்டன் என்பது 40 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை. அத்தனை விசை உங்கள் கால்களைப் பக்கவாட்டில் விடாமல் தள்ளினால் நிற்க முடியுமா?

இதைவிட மோசமான ஆபத்து ஆற்றின் அடியில் இருக்கிறது. நிற்க முயலும்போது பாதம் இரு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளலாம். நீர் முதுகில் தள்ள, உடல் குப்புறச் சாயும். பிறகு தலையைத் தூக்கவே முடியாது. இடுப்பளவு நீரிலும் உயிர் போவது இப்படித்தான்.

அதனால்தான் வழிகாட்டிகள் முதலில் இதைக் கற்றுத் தருகிறார்கள்: மல்லாந்து படுங்கள். பாதங்கள் நீர் போகும் திசையில், கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியட்டும். பாறை வந்தால் பாதம்தான் முதலில் தொடும், தலை அல்ல. கைகளால் துழாவி மெல்லக் கரைப்பக்கம் நகருங்கள். பெரிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழன்று அமைதியாக இருக்கும். கயாக் ஓட்டிகள் இளைப்பாறும் இடமும் அதுதான். ஓட்டம் நன்றாகத் தணிந்து, நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால் மட்டும் எழுந்து நில்லுங்கள்.

அருவியின் அடியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆறிய தே தாரிக்கின் நுரைமேல் ஒரு சிறு ஐஸ் துண்டைப் போட்டுப் பாருங்கள். நுரைக்குள் இறங்கி, அடியிலுள்ள தேநீரை அடைந்த பிறகே அது மிதக்கும். நுரையில் பெரும்பகுதி காற்று. அதன் அடர்த்தி குறைவு. அருவியடி நுரையில் 40 விழுக்காடு காற்று என்றால், ஒரு கன மீட்டருக்கு 600 கிலோகிராம்தான் இருக்கும். நம் உடலின் அடர்த்தி 1000 கிலோகிராமை ஒட்டியது. நன்றாக நீந்துபவரும் அங்கே மிதக்கச் சிரமப்படுவார். மிதவை அங்கியின் உதவியும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, விழும் நீர் கீழே சுழன்று, சிக்கியவரை மீண்டும் அருவியடிக்கே இழுக்கும்.

நீங்கள் படகில் ஏறாமலே போகலாம். ஆனால் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அருவிக்குக் குளிக்கப் போவீர்கள் அல்லவா? அங்கே ‘கெப்பாலா ஆயர்’ வரலாம். மலை உச்சியில் கொட்டும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீர்ப் பெருக்காக வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, நீர்மட்டம் உயர்ந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பையும் பையையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, நீண்ட கம்பு, மூடிய காலிப் புட்டி என எது கிடைத்தாலும் கரையில் இருந்தபடியே எறிந்து உதவுங்கள், 999-ஐ அழையுங்கள்.

இன்று மாலை வீட்டில் தம்பி தங்கையிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்: “ஆற்றில் விழுந்தால் என்ன செய்வாய்?” எழுந்து நிற்பேன் என்று சொன்னால், 100, 400, 900 என்ற அந்த மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள்.